வெறுங்கையோடு ஊருக்குப் போகிறவன்

துபாய் தேராவில், நாய்ஃப் கடைத்தெருவுக்கு உள்ளே இருக்கிறது எங்கள் கடை. ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பது தொழில். அட்டைப் பெட்டி, நைலான் கயிறு, டேப், ஒரு தராசு, பெயர் எழுத மார்க்கர். கடையைப் பார்ப்பது நான். ஊரைப் பார்ப்பது என் வீட்டுக்காரர் கௌஸ் முகைதீன்.

ஊர் என்றால் எங்கள் கீழக்கரை மட்டும் இல்லை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் தமிழ் ஆட்களின் ஊர் எல்லாம் அவருக்கு ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய ஃப்ளாஸ்க் நிறைய இஞ்சி டீயோடு கிளம்பி, ரூம் ரூமாக உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். எங்கள் குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகும். அதைப் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் மணப்பாறைப் பக்கம் எவனுக்கு எவனோடு வாய்க்கால் தகராறு, எவன் எவனை வெட்டுவேன் என்று வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்பியிருக்கிறான் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். வீட்டுக்கு ஆகாத மனுஷன் ஊருக்கு உபகாரி என்று நானும் சொல்லாத நாள் இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு ரெங்கராஜ் என்பவரால் வந்தது. பல வருஷத்துக்கு முன் அந்த ஆள் எமர்ஜென்சி லீவில் ஊருக்குப் போனபோது எங்கள் கடையில் ஒரு சின்னத் தோள்பை மட்டும் வாங்கினார். புது மாப்பிள்ளை மாதிரி கையை வீசிக்கொண்டு போகிறீர்களே என்று இவர் கேலி பண்ணினார், அவரும் சிரித்தார். ஊரில் இறங்கியதும் நேராகப் போய் நாட்டுத் துப்பாக்கியால் மச்சினனைச் சுட்டுவிட்டார். ஒருவர் மண்ணுக்குள், ஒருவர் ஜெயிலுக்குள், இரண்டு வீட்டுப் பெண்களும் நடுத்தெருவில். செய்தி கேட்ட நாளில் இவர் சோற்றில் கை வைக்கவில்லை. "அந்த ஆள் வெறுங்கையோட போனாரு, புள்ள. நான் கண்ணால பாத்தேன். ஏன்னு கேக்கலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கல்ஃபிலிருந்து எவனும் வெறுங்கையோடு ஊருக்குப் போகமாட்டான். அப்பா செத்து அழுதுகொண்டு போகிறவன் பையில்கூட ரூம் ஆட்கள் ஒரு தைலமாவது, நாலு சோப்பாவது திணித்து அனுப்புவார்கள். வெளியில் சொல்ல முடியாத ஒன்றை மனசில் வைத்திருக்கிறவன்தான் எதுவும் வேண்டாம் என்பான். அன்றிலிருந்து அப்படி யார் வந்தாலும் இவர் விடுவதில்லை. கேட்பார், கூடவே போவார், அவர்கள் ஊருக்குப் போன் போட்டு யாரையாவது பிடித்துப் பேசுவார். சில இடத்தில் திட்டு வாங்கிக்கொண்டும் வருவார்.

பாண்டித்துரை எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஏசி ரிப்பேர் பார்க்க ஒருநாள் கடைக்கு வந்தவன், நாங்கள் ஆணம் என்று சொல்லும் என் மீன் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு மாதம் இரண்டு முறையாவது வந்துவிடுவான். வந்தால் சும்மா உட்காரமாட்டான். அந்தக் குளியலறைக் குழாயைக் கடைசியில் மாற்றியதுகூட அவன்தான். நத்தம் தாண்டி மலையடியில் அவன் ஊர். வாய் ஓயாமல் பேசுவான்; கோபம் வந்தால் மட்டும் ஒரு சொல் பேசமாட்டான்.

அன்று பேசாமல் வந்து நின்றான். சின்னப் பை ஒன்று போதும் என்றான். பெட்டி எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"பெட்டி வேணாங்க்கா."

பை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இவருக்குப் போன் அடித்தேன்.

கேம்ப்புக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். பாண்டித்துரையின் தம்பி முகிலனுக்கும் சித்தப்பா மகன் பாலகுருவுக்கும் மாந்தோப்புக் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் வாய்ச்சண்டை. பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பாலகுரு மிரட்டத்தான் எடுத்தானாம். மிரட்ட எடுத்தது வெடித்து, பால்ரஸ் குண்டுகள் முகிலனின் தொடையில் ஏறிவிட்டன. மதுரை பெரியாஸ்பத்திரியில் எடுத்தார்கள். உயிர் பிழைத்தான், ஆனால் இனி நேராக நடக்கமாட்டான். பாலகுருவை போலீஸ் பிடித்தது, அவன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டது. இப்போது ஜாமீனில் வெளியே வந்து தெருவில் நடக்கிறான். அந்த நடையைத்தான் யாரோ வீடியோ எடுத்துப் பாண்டித்துரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் வீட்டுப் பரணிலும் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு என்பது ரூமில் எல்லாருக்கும் தெரியும்.

அனுப்பினவன் கையில் கட்டி முளைக்க. நான் கத்தினேன். கம்பெனியில் சொல்லி லீவை நிறுத்துங்கள், ஊர்ப் போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். மனசுக்குள் இருப்பதற்கு எந்தப் போலீஸ் கேஸ் போடும் என்று இவர் கேட்டார். லீவை நிறுத்தினால் அடுத்த மாதம் போவான், இன்னும் முற்றிப்போய்ப் போவான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு; அந்த ஆத்திரத்தை நடக்கவிட்டுத்தான் களைக்க வைக்க வேண்டும் என்றார். எப்படி என்று கேட்டால், "சுமையை ஏத்தி" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் சோனாப்பூரில் அதுதான் வேலை. திருச்சியில் இருந்து நத்தம் வரைக்கும் எவனெவனுக்கு வீடு உண்டோ அவனையெல்லாம் பிடித்தார். பாண்டி ஊருக்குப் போகிறான், ஏதாவது கொடுத்து விடுங்கள். கொடுத்தார்கள். போர்வை, பால்பவுடர், டார்ச் லைட், பேரீச்சம்பழம், சென்ட் பாட்டில், இஸ்திரிப்பெட்டி. விஜி என்ற எலெக்ட்ரீஷியனின் மனைவி பானுப்பிரியா மலைமேல் தாய் வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள்; முகம் பார்க்காத மகளுக்கு அவன் சுற்றி வைக்க ஒரு பூப்போட்ட துணி வாங்கிக் கொடுத்தான். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒருவன் நம்பிக் கொடுத்துவிடும் பொட்டலத்தை இங்கே யாரும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அந்த ரூமில் அதற்குப் பிறகு தலைநிமிர்ந்து சாப்பிட முடியாது. எங்கள் ஆட்கள் அதை அமானிதம் என்போம். பாண்டித்துரை வேறு, கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லியே பழகாதவன்.

ஃப்ளைட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் கடைக்கு வந்து அந்தக் குவியலைப் பார்த்தான். முகம் கறுத்துப்போனது. ஊரில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றான்.

"வேலையப் பாருங்க தம்பி, யாரு வேணாங்குறா" என்றார் இவர், டேப்பைக் கிழித்துக்கொண்டே. "மொதல்ல இதைக் குடுத்து முடிச்சிருங்க. ஒவ்வொண்ணையும் அவங்கவங்க கையிலதான் குடுக்கணும். குடுத்த எடத்துலேர்ந்து எனக்கு போட்டிம் ஆப்ல வீடியோ கால் வரணும்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் விஜயபாஸ்கர் வந்தான்.

பாலகுருவின் கூடப்பிறந்த அண்ணன். ஜெபல் அலியில் வேறு கம்பெனியில் வேலை. காலையிலேயே ஒரு பொட்டலத்தோடு வந்து, தன் அம்மா மீனாம்பாளுக்கு முட்டிவலிப் பட்டையும் தைலமும் அனுப்ப வேண்டும், பாண்டி அண்ணனிடம் எந்த முகத்தோடு கேட்பேன் என்று என்னிடம் அழுதிருந்தான். போர்வைக்கு அடியில் வைத்துக் கட்டிவிடலாம், பெயரைப் பார்த்தால் தன்னாலே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்றேன் நான். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தெரியாமல் சுமப்பதற்குப் பெயர் அமானிதம் இல்லை, கடத்தல் என்றார். நேரில் வந்து கேட்கச் சொன்னார்.

மீனாம்பாள் பாண்டித்துரைக்குச் சின்னம்மா. அவன் தாய் சின்ன வயசிலேயே போய்விட, அண்ணன் தம்பி இருவருக்கும் சோறு போட்டு ஆளாக்கியவர் அவர்தான். சொத்துப் பாகம் பிரிந்தபோதுதான் பேச்சு நின்றது.

விஜயபாஸ்கர் பொட்டலத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னான். பாண்டித்துரை அதைத் தொடவில்லை.

"உங்க வீட்டுக்கு நான் எதுக்குப் போவேன்னு தெரியுமாடா?"

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா குடுக்குற?"

"தெரிஞ்சுதான் குடுக்குறேன். அந்த வீட்ல எங்கம்மாவும் இருக்கு. அது உங்களுக்கு ஞாவகம் இருக்கணும்ல."

அடித்துவிடுவானோ என்று நான் கல்லாவை விட்டு எழுந்தேன். பாண்டித்துரை பொட்டலத்தை வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தான். தராசு முள் முப்பது கிலோவைத் தாண்டியது. எடை கூடுது பாய் என்றான். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, தனக்கென்று வைத்திருந்த இரண்டு சட்டையையும் எடுத்து என் மேஜைமேல் போட்டான்.

எனக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. அவன் பார்த்துவிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பாமல், "குடுக்குறது வேறக்கா. அதுக்கப்பறம் நடக்குறது வேற" என்று சொல்லிவிட்டுப் போனான். கலங்கிய கண் காய்ந்துவிட்டது.

முதல் வீடியோ கால் திருச்சி பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. சம்மன் கொடுக்க வந்த போலீஸ்காரர் போல உர்ரென்று நின்றுகொண்டு, குடுத்தாச்சு பாய் என்றான், வைத்துவிட்டான். விராலிமலையில் ஒரு அம்மா அவனை விடவில்லை. மகனைப் பார்த்துவிட்டு வந்த கண் இது என்று அவன் முகத்தைத் தடவி, கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கால் போட்டான். மணப்பாறையில் ஒருத்தனின் மனைவி, ஒரு மாதமாகப் போனே இல்லை என்று இவனிடம் குறைபட, இவன் அங்கிருந்தே அந்த ஆளை அழைத்து, போர்வை அனுப்பத் தெரியுது, பேசத் தெரியலையா என்று திட்டியிருக்கிறான். துவரங்குறிச்சியில் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்து அவன் மீசையை இழுத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வீடியோ காலையும் போனில் பதிவு செய்துவைத்து இவர் எனக்குக் காட்டுவார். பாத்தியா, சிரிக்கிறான் பாத்தியா என்பார். சிரிப்பவன் சுடமாட்டான் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஆனால் அவர் தூங்கிய பிறகு நானே இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பேன். அந்த மனுஷன் இஞ்சி டீயையும் நைலான் கயிற்றையும் வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு மல்லுக்கட்டுகிறாரே என்று எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் இரண்டு ஃப்ளாஸ்க் கேட்பார்.

நத்தம் வரை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் காலையில் இவர் அழைத்தபோது போன் அணைந்திருந்தது.

மீதி இருந்தது இரண்டே பொட்டலம்: சின்னம்மாவுடையது, மலைமேல் பானுப்பிரியாவுடையது. மதியம் வரைக்கும் போன் திறக்கவில்லை. விஜயபாஸ்கர் தன் அம்மாவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்லிவிட்டு டூட்டி உடுப்போடு டாக்ஸி பிடித்து எங்கள் கடைக்கே வந்துவிட்டான். வந்தவன் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து, அம்மா எடுக்கலக்கா, அம்மா எடுக்கலக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தான். டீ கொடுத்தேன். ஆறிப்போனது.

இவர் வாசலுக்கும் தராசுக்கும் நடந்தார். தொழுதுவிட்டு வந்து மறுபடி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கே லீவை நிறுத்தியிருக்கணும், மச்சான்" என்றேன்.

அவர் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. ரெங்கராஜ் செய்தி வந்த நாளில் பார்த்த அதே முகம்.

மூன்று மணிக்கு மேல் போட்டிம் அடித்தது.

முதலில் தெரிந்தது ஒரு பூப்போட்ட துணிக்கட்டும், அதற்குள் தூங்கும் ஒரு சின்ன முகமும். காற்று இரைந்தது. பிறகு பாண்டித்துரையின் குரல்.

"பாய், மலைக்கு வந்து குடுத்தாச்சு. எலெக்ட்ரீஷியன் விஜிட்ட சொல்லுங்க, பொண்ணு அவன மாதிரி இல்ல. தப்பிச்சுக்கிருச்சு."

விஜயபாஸ்கர் என் வீட்டுக்காரர் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். அம்மா என்று மட்டும் சொன்னான். பாண்டித்துரை போனை மறுபக்கம் திருப்பினான்.

வேப்பமரத்து நிழலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். எனக்கு யார் என்று தெரியவில்லை. விஜயபாஸ்கருக்குத் தெரிந்தது. பாலகுரு, பாலகுரு என்று போனைப் பார்த்துக் கூப்பிட்டான். வண்டியில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அண்ணன்காரன் கடை நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அவன் முழுசாகவே ஆடினான். என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வாடிக்கையாளர் வரும் நேரத்தில் இரண்டு ஆம்பளைகள் இப்படி அழுதால் கடை உருப்படுமா என்று நான் அதட்டினேன்.

நடந்தது என்ன என்று பாண்டித்துரை துபாய்க்குத் திரும்பி வந்த பிறகு, சோற்றின் முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொன்னான். அன்று காலையில் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கி மருந்து கெட்டித்திருக்கிறான். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு முகிலன் பார்த்துக்கொண்டிருந்தானாம், போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. யாரும் கூப்பிட்டு மனசை மாற்றக் கூடாது என்று போனை அணைத்தான். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பொட்டலம். இரண்டையும் ஏனப்பா கொண்டுபோனாய் என்று கேட்டேன். எதை முதலில் கொடுப்பது என்று போய்ச் சேரும்வரைக்கும் தெரியவில்லை என்றான்.

மீனாம்பாள் போனை உள்ளே போட்டுவிட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் பார்த்தார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. பாஸ்கர் குடுத்துவிட்டானா என்று கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தான். அவரால் பிரிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சுற்றிய டேப்பைப் பிரிக்க இரண்டு கையும் ஒரு பல்லும் வேண்டும். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிரித்துக் கொடுத்தான். பட்டையை எப்படி மாட்டுவது என்று சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. கீழே உட்கார்ந்து முட்டியில் மாட்டிவிட்டான். வீங்கிப்போய்க் கிடந்ததாம் அந்த முட்டி. அந்தக் காலால்தான் இவனைத் தேடிப் பள்ளிக்கூடம் வரை நடந்து வருவாராம்.

தலையைத் தூக்கினால் பாலகுரு நிலைப்படியில் நிற்கிறான். துப்பாக்கி அவனுக்கும் எட்டும் தூரம், இவனுக்கும் எட்டும் தூரம். மீனாம்பாள் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்குத் தண்ணி குடுடா என்றார், அவ்வளவுதான். அவன் சொம்பில் கொண்டுவந்து நீட்டினான். நீட்டிய வேகத்தில் பாதி தரையில் போய்விட்டது. மீதியை இவன் குடித்தான்.

"அப்பறம் என்ன பேசுனே?" என்றேன்.

"என்னத்தைப் பேசுறதுக்கா. மலைக்கு ஒரு பொட்டலம் கெடக்கு, பஸ்சு இல்ல, வண்டிய எடுடான்னேன்."

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்துக்கொண்டே மலைக்குப் போய், இறங்கும்போது போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்களாம். தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் கேஸ் இல்லை என்று ஏற்கெனவே ஊரில் மைக் வைத்துச் சொல்லியிருந்தார்கள். ஓட்டினவன் பாலகுரு.

இதைச் சொன்ன பிறகு பாண்டித்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. முகிலன் பாலகுரு முகத்தில் விழிப்பதில்லை, தன்னோடும் சரியாகப் பேசுவதில்லை என்றான். அவன் கால் அவனுக்குத்தானே தெரியும். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, அது நடக்கட்டும், பாலகுரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் இருவரையும் சேர்த்து வைக்க முடியவில்லையே, ஒரே தெருவில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்களே என்று வருத்தப்பட்டான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனைப் போட்டேன்.

"பேசவேணாம்ப்பா. ரெண்டு பேரும் உசுரோட இருந்துக்கிட்டுப் பேசாம இருக்கட்டும்."